புதுப்பிப்பு: வெவ்வேறு வயதில் மூவர், ஒரே வீட்டுப் பள்ளி – எது பலித்தது?

பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் என் 13, 9, 6 வயதுப் பிள்ளைகள் மூவருக்கும் புதிய கல்வியாண்டை எப்படித் திட்டமிடுவது என்று ஜூனில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

முதலில் ஆளுக்கொரு கால அட்டவணை போட்டேன். இரண்டே வாரத்தில் கைவிட்டேன். ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற இருவரும் காத்துக் கிடந்தார்கள்.

பலித்தது, "பொருள் ஒன்று, வேலை வயதுக்கேற்ப" என்று ஓர் அக்கா சொன்ன யோசனை. கணக்கும் மொழியும் மட்டும் தனித்தனி. அறிவியல், வரலாறு மூவருக்கும் சேர்த்துத்தான். பெங்களூர் லால்பாக் பூங்காவில் உள்ள பாறையிலிருந்து தொடங்கினோம். அதன் வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். வீட்டுக்கு வந்ததும் மூத்தவள் 3 மீட்டர் நூலை வெட்டினாள்: ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடி ஆண்டு. டைனோசர்கள் அழிந்த இடத்தை, இன்றைய நாளைக் குறிக்கும் நூல் நுனியிலிருந்து 6.6 சென்டிமீட்டரில், நடுப்பிள்ளை மையால் குறித்தான். மனிதன் எங்கே என்று சின்னவள் கேட்டாள். மூன்று லட்சம் ஆண்டு என்றால் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நுனியைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்பாராதது: மூத்தவளின் பாடத்தைக் கேட்டே சின்னவள் பின்னம் புரிந்துகொண்டாள். அவளுக்கென்று வாங்கிய பயிற்சிப் புத்தகம் பிரிக்கப்படாமலே கிடக்கிறது.

தேர்வு பற்றிக் கேட்டவர்களுக்கு: பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) பத்தாம் வகுப்பு நிலைக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழையும் பாடமாக எடுக்கலாம். பெங்களூரில் வளரும் என் மகளுக்கு அது பெரிய ஆறுதல்.