ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல ஃப்ளைட் டைம் கணக்கு போடுறது எப்படி? ஹெல்ப் ப்ளீஸ்

மக்களே, ஒரு சின்ன ஸ்ப்ரெட்ஷீட் போட்டுட்டு இருக்கேன், ரெண்டு ஏர்போர்ட்டோட அட்சரேகை தீர்க்கரேகை குடுத்தா தூரமும் ஃப்ளைட் டைமும் சொல்லணும், அவ்ளோதான். தூரம் பிரச்சனை இல்ல, பூமியோட ஆரம் 6,371 கிமீனு வச்சு ஹாவர்சைன் ஃபார்முலா (உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல உள்ள தூரம் கண்டுபிடிக்கிறது) போட்டா லண்டன் ஹீத்ரோ டூ நியூயார்க் ஜேஎஃப்கே சுமாரா 5,540 கிமீ வருது.

நேரம்தான் இடிக்குது. மணிக்கு 900 கிமீனு வகுத்தா ஆறேகால் மணி நேரம்கூட வரல, ஆனா டிக்கெட்ல போறப்ப கிட்டத்தட்ட எட்டு, திரும்பி வர்றப்ப ஏழுனு போட்டிருக்கான் (டைம் ஸோன் கழிச்சுட்டுதான் சொல்றேன், அத சொல்ல யாரும் வராதீங்க 😄). ஜெட் ஸ்ட்ரீம், அதாவது ரொம்ப உயரத்துல வேகமா வீசுற காத்து, மேற்குலேர்ந்து கிழக்க அடிக்குது, அதான் வர்றப்ப தள்ளி விடுதுனு புரியுது, டிக்கெட் டைம் கேட்லேர்ந்து கேட் வரைக்கும், ரன்வேக்கு ஊர்ந்து போறது (டாக்ஸி) எல்லாம் அதுலயே அடக்கம்ங்கறதும் தெரியும்.

இத ஃபார்முலால எப்படி கொண்டு வர்றது? டேக்ஆஃப், லேண்டிங், டாக்ஸிக்குனு பொதுவா எத்தன நிமிஷம் சேப்பீங்க, கிழக்க போனா ஒரு ஸ்பீடு மேற்க போனா ஒரு ஸ்பீடுனு வச்சா போதுமா, இல்ல குளிர்காலம் வெயில்காலத்துக்கும் மாத்தணுமா? ரூட்டும் நேர்க்கோட்டுல போறதில்லயே, அதுக்கு எத்தன பர்சன்ட் கூட்டலாம்? சின்ன தூரத்துல என் கணக்கு இன்னும் மோசம், 300 கிமீக்கு 20 நிமிஷம்னு காட்டுது, ஏறி இறங்கவே அதுக்கு மேல ஆகுமே.

ஏர்லைன், ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) பக்கம் வேல பாக்குறவங்க இருந்தா கொஞ்சம் சொல்லுங்க, பத்து நிமிஷம் முன்ன பின்ன இருந்தா பரவால்ல.