‘எல்விரிமூவ்’ கட்டளைக்குத் தமிழ்: அழிப்பதா, நீக்குவதா?

வணக்கம்.

லினக்ஸில் வட்டுகளின் இடத்தைச் சேர்த்துப் பங்கிட்டுக் கொடுக்கும் எல்விஎம் கருவிகளின் உதவிப் பக்கங்களுக்கான தமிழ் வரைவில் ‘லாஜிக்கல் வால்யூம்’ என்பது ஓரிடத்தில் தருக்கத் தொகுதி, இன்னோரிடத்தில் ஏரணக் கனவளவு, வேறோரிடத்தில் தருக்கப் பிரிவு. ‘பிரிவு’ பார்ட்டிஷனுக்குப் போய்விட்டது. கனவளவு லிட்டரில் அளப்பது. ‘தொகுதி’ என்று வைத்தால் வால்யூம் குரூப் ‘தொகுதித் தொகுப்பு’ ஆகி நாக்கு சுளுக்கும். நான் முன்வைப்பது கலம். வட்டோ பார்ட்டிஷனோ பருக்கலம் (பிசிகல் வால்யூம்). பல பருக்கலங்கள் சேர்ந்தது கலத்தொகுப்பு. அதிலிருந்து வெட்டிக் கொடுப்பது தருக்கக் கலம். வெட்டும் அலகான எக்ஸ்டென்ட் (இயல்பாக 4 மெபிபைட்) துண்டம்.

பெயரை விட வினைதான் தொல்லை. வரைவில் எல்விரிமூவ் ‘தருக்கக் கலத்தை அழிக்கும்’ என்றிருக்கிறது. எந்தத் துண்டம் எந்தக் கலத்துக்கு உரியது என்ற வரைபடம் கலத்தொகுப்பின் மேல்தரவில் (மெட்டாடேட்டா) இருக்கிறது. கட்டளை அந்தப் பதிவை எடுத்துவிட்டுத் துண்டங்களை வெற்றிடக் கணக்கில் சேர்க்கிறது. உள்ளே இருந்த பைட்டுகளை அது தொடுவதில்லை. பழைய வட்டை விற்கப்போகிறவர் ‘அழித்தாயிற்று’ என்று நம்பினால் அவருடைய கோப்புகள் வாங்கியவர் கைக்குப் போகும். ஆகவே ‘நீக்கு’.

— — —

> உள்ளே இருந்த பைட்டுகளை அது தொடுவதில்லை.

எப்போதும் அப்படியில்லை. அமைவுக் கோப்பில் ‘இஷ்யூ டிஸ்கார்ட்ஸ்’ 1 என்றிருந்தால், நீக்கும்போதே எஸ்எஸ்டிக்கு ‘இந்த இடம் வேண்டாம்’ என்ற செய்தி போய்விடும். பிறகு மீட்பது பெரும்பாலும் நடக்காது. இயல்பு மதிப்பு 0 என்பது உண்மைதான்.

‘கலம்’ எனக்குச் சம்மதம். உயிரியலில் செல்லுக்கும் அதே சொல் உண்டு என்றாலும் இங்கே யாரும் குழம்பமாட்டார்கள். ஆனால் ‘நீக்கு’ மிக மென்மையாக ஒலிக்கிறது. இந்தக் கட்டளைக்குக் கலத்தொகுப்பின் பெயரை மட்டும் கொடுத்து, கலத்தின் பெயரை விட்டுவிட்டால், அதிலுள்ள எல்லாக் கலங்களையும் எடுக்கப் புறப்படும். ‘-ஒய்’ சேர்த்திருந்தால் கேள்வியும் கேட்காது. மூலக் கலத்தை எடுத்தால் அதன் பழைய வகை ஸ்னாப்ஷாட்களும் (ஒரு கணத்து நிலையைப் பிடித்துவைத்த நகல்கள்) கூடவே போகும். மெல்லிய கலங்கள் (எழுத எழுத மட்டும் இடம் எடுப்பவை) பகிர்ந்துகொள்ளும் குளத்தை எடுத்தால் அதிலுள்ள அத்தனையும் போகும். பயனர் கொஞ்சம் பயப்பட வேண்டாமா?

— — —

பயத்தை எச்சரிக்கை வரியில் வைப்போம், வினைச்சொல்லில் ஏற்ற வேண்டாம். ‘அழி’யை இங்கே செலவழித்துவிட்டால் ‘ஷ்ரெட்’ கட்டளைக்கு என்ன சொல்வோம்? அதுதான் மேலெழுதி உண்மையிலேயே அழிக்கிறது. அடையாளக் குறிகளை மட்டும் எடுக்கும் ‘வைப்எஃப்எஸ்’ துடைப்பது. ‘விஜிரெட்யூஸ்’ ஒரு பருக்கலத்தைத் தொகுப்பிலிருந்து விலக்குவது. கலத்தின் கோப்பு முறைமையை அடைவு மரத்தில் இணைக்கும் மவுண்ட் ஏற்றுவது என்றால் யூமவுண்ட் இறக்குவது.

இந்த வினைகள் ஒரே நடைமுறையில் இடிக்காமல் நிற்கின்றனவா என்று எழுதிப் பார்த்தேன்:

“முதலில் கலத்தை இறக்குக. ‘பிஸி’ என்று மறுத்தால் எந்தச் செயல் பிடித்திருக்கிறது என ‘ஃபியூசர் -விஎம்’ காட்டும். ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையான இடம்) கலமானால் ‘ஸ்வாப்ஆஃப்’. தொடக்கத்தில் எவற்றை ஏற்றுவது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதன் வரியை எடுத்துவிடுக. பிறகு ‘எல்விரிமூவ்’, ஒரு இடைவெளி, தொகுப்பின் பெயர், சாய்கோடு, கலத்தின் பெயர். கடைசியாக ‘விஜிஎஸ்’ ஓட்டி வெற்றிடம் கூடியிருக்கிறதா பார்க்க.”

எஃப்எஸ்டேப் வரியை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், அதை விட்டுவைத்தால் கணினியைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி அடுத்த தொடக்கத்தில் இல்லாத கலத்துக்காக 90 நொடி காத்திருந்து, ‘நோஃபெயில்’ குறிப்பு இல்லையென்றால் அவசரநிலை முனையத்தில் போய் நிற்கும். இன்னொன்று: எல்விரிமூவுக்கு ‘-எஃப்’ போட்டால் பயன்பாட்டில் இருக்கும் கலமும் போய்விடும் என்று வரைவில் இருக்கிறது. தவறு. அது உறுதிக் கேள்வியைத்தான் தாண்டும். ஏற்றியிருக்கும் கலத்தைக் கருவி விடாது.

‘நீக்கு’வுக்கு வலுவான சான்று மீட்பில் கிடைக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் மேல்தரவின் படி ‘ஈடிசி/எல்விஎம்/ஆர்க்கைவ்’ அடைவில் சேமிக்கப்படுகிறது. ‘விஜிசிஎஃப்ஜிரிஸ்டோர் --லிஸ்ட்’ கொடுத்து, எல்விரிமூவுக்கு முந்தைய படி எது என்று பார்த்து, அதே ரிஸ்டோர் கட்டளைக்கு ‘-எஃப்’ உடன் (இங்கே அது கோப்பைக் குறிப்பது) அந்தக் கோப்பைக் காட்டினால் கலம் திரும்பும். ‘எல்விசேஞ்ச் -ஏஒய்’ கொண்டு உயிர்ப்பிக்க வேண்டும். அதற்குள் அதே துண்டங்களில் வேறு கலம் உருவாகியிருக்கக் கூடாது. அதே அளவில் புதுக் கலம் உருவாக்கி மீட்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஆபத்து: கலம் உருவாக்கும் எல்விகிரியேட் இயல்பாகவே தொடக்கப் பகுதியைச் சுழியமாக்கிவிடும். மெல்லிய குளங்களுக்கு இந்த வழியை உதவிப் பக்கத்தில் பரிந்துரைக்க வேண்டாம். குளத்துக்குத் தனி மேல்தரவு உண்டு, மீட்ட தொகுப்பு மேல்தரவும் அதுவும் ஒத்துப்போகாமல் போகலாம்.

— — —

சரி, ‘நீக்கு’வுக்கு ஒத்துக்கொள்கிறேன். உறுதிக் கேள்வியின் வரைவில் மட்டும் ஒரு திருத்தம். கலத்தின் பெயர் இயங்கும்போதுதான் வந்து விழும், அதனால் அதோடு ‘ஐ’ ஒட்டினால் புணர்ச்சி கோணலாகும். உருபைக் ‘கலம்’ சுமக்கட்டும்:

“செயலில் உள்ள ‘...’ என்ற தருக்கக் கலத்தை நீக்கவா?”

விடை எழுத்துகளான ஒய், என் இரண்டையும் மாற்றாமல் விடுங்கள். நிரல் அவற்றைத்தான் எதிர்பார்க்கிறது.