புதுப்பிப்பு: மின் ஸ்கூட்டருக்கும் தோட்டத்து மின்வண்டிக்கும் வீட்டுக் காப்பீடு போதுமா?

மின் ஸ்கூட்டருக்கும், கரும்புத் தோட்டத்தில் ஓட்டும் நான்கு சக்கர மின்வண்டிக்கும் வீட்டுக் காப்பீடே போதுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இந்தியப் பெருங்கடல் தீவான ரெயூனியனின் சேன்-ஆந்த்ரே ஊரில் ஒரு காப்பீட்டு முகவரிடம் பேசியும் சட்டத்தைப் படித்தும் அறிந்ததை இப்போது எழுதுகிறேன்.

ரெயூனியன் பிரான்சின் கடல்கடந்த மாவட்டம் என்பதால் பிரெஞ்சுச் சட்டமே இங்கும் செல்லும். 250 வாட்டுக்கு மிகாத மோட்டாருடன், மிதித்தால் மட்டும் உதவி தந்து, மணிக்கு 25 கிலோமீட்டரில் அந்த உதவியை நிறுத்திவிடும் மின்மிதிவண்டி சாதாரண மிதிவண்டியாகவே கருதப்படுகிறது; அதனால் பிறருக்கு நேரும் சேதத்தை வீட்டுக் காப்பீட்டின் பொறுப்புப் பிரிவு பொதுவாக ஏற்கும். மிதிக்காமலே ஓடும் ஸ்கூட்டரோ மோட்டார் வாகனம். அதற்குத் தனிப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். இல்லையெனில் அபராதம் 3,750 யூரோ வரை போகலாம். அதைவிட எனக்கு அச்சமூட்டுவது வேறு: காப்பீடில்லாத வாகனத்தால் காயமடைந்தவருக்கு, அதற்கென உள்ள உத்தரவாத நிதியம் இழப்பீடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைக் காப்பீடில்லாமல் ஓட்டியவரிடம் திரும்பக் கேட்கும்.

தோட்டத்து மின்வண்டியைச் சொந்த நிலத்துக்குள்தானே ஓட்டுகிறோம் என்ற வாதமும் நிற்காது. ஸ்லோவேனியப் பண்ணையொன்றில் பின்னோக்கி வந்த டிராக்டரின் இழுவண்டி ஏணியில் மோதி ஒருவர் விழுந்த வழக்கில், டிராக்டரின் வழக்கமான பயன்பாட்டுக்கு ஒத்த அந்த நகர்வும் கட்டாயக் காப்பீட்டுக்குள் வரக்கூடும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ஆனால் 2017-இல், நின்றபடி களைக்கொல்லித் தெளிப்பானுக்கு விசை கொடுத்த டிராக்டரை வாகனப் பயன்பாடாக அது ஏற்கவில்லை. ஆகவே ஓடும்போதும், நின்று இயந்திரமாக உழைக்கும்போதும் எந்த ஒப்பந்தம் பொறுப்பேற்கும் என்று விவசாயிகள் தனித்தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். எங்கள் தெளிப்பானைப் பற்றிய எழுத்துப்பூர்வமான பதில் வந்ததும் இங்கே சேர்க்கிறேன்.