ஓரத்தில் நிற்கும் விண்ணப்பம்: யூசி யாரைச் சோதிக்க வேண்டும்?

சான் ரமோன் அம்மா:
பையன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (யூசி) விண்ணப்பித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு உதவியாளராக இருந்ததை எழுதியிருந்தான். அதற்குச் சான்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. கெடுவுக்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பித்த எல்லா வளாகங்களிலும் ரத்தாம். மின்னஞ்சலோ விளம்பரக் குப்பைக்கு நடுவில் கிடந்தது. தமிழ்ப் பள்ளியில் பதிவேடு ஏது? முதல்வரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினோம். பள்ளிக்கூடப் பிள்ளையைத் திருடன் மாதிரி நடத்துவது நியாயமா?

பழைய பேனா:
இதில் திருடன் எங்கே வந்தான் மேடம்? விண்ணப்பிக்கும்போது யூசி மதிப்பெண் சான்றிதழே கேட்பதில்லை. பிள்ளை தட்டச்சு செய்ததை நம்பித்தான் இடம் தருகிறார்கள். அந்தச் சான்றிதழ், அதாவது டிரான்ஸ்கிரிப்ட், ஜூலை 1க்குள் போனால் போதும். 2021லிருந்து எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வும் கணக்கில் இல்லை. மிச்சம் இருப்பது கிரேடு, செயல்பாட்டுப் பட்டியல், தன்னைப் பற்றிய கேள்விகளுக்குக் கட்டுரை மாதிரி 350 சொல்லுக்கு மிகாத நான்கு பதில்கள். அதில் புளுகினால் பிடிக்க ஒரு வழி வேண்டாமா? அதுவும் சந்தேகப்பட்டு எடுப்பதில்லை, குலுக்கல் மாதிரிதான்.

ஈஸ்ட்பேக்காரன்:
குலுக்கல் சரி, அதில் எனக்குத் தகராறில்லை. இழுபறியில் இருக்கும் பிள்ளைகளிடம் தனியாகக் கூடுதல் தகவல் கேட்கிறார்களே, அதுதான் இடிக்கிறது. யூசியின் பெர்க்லி வளாகம் சிலரை மட்டும் அழைத்துப் பரிந்துரைக் கடிதம் கேட்கிறது. யூசியின் 2017 விதி இந்தக் கூடுதல் பரிசீலனையை விண்ணப்பிப்பவர்களில் 15 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. காசு கட்டும் தனியார் பள்ளியில் கவுன்சிலர் (மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்) பையனோடு உட்கார்ந்து பேசி ஒரு பக்கம் எழுதுவார். எங்கள் அரசுப் பள்ளியில் கவுன்சிலருக்கு இவன் முகமே தெரியாது. "பொறுப்பான மாணவர்" என்று நாலு வரி வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் யார் ஜெயிப்பார்?

பழைய பேனா:
அப்படியானால் கேட்காமலே கதவை மூடச் சொல்கிறீர்களா? ஓரத்தில் நிற்பவனிடம் இன்னொரு தடவை கேட்பது அவனுக்குத்தானே லாபம்? அப்பாவுக்கு வேலை போனது, பையன் சாயங்காலம் கடையில் நின்றது எல்லாம் கிரேடில் தெரியாது. ஒரு டீச்சருக்குத் தெரிந்திருக்கும். கடிதம் கட்டாயமும் இல்லை.

ஈஸ்ட்பேக்காரன்:
கட்டாயமில்லை என்று எழுதியிருப்பதை நம்பி எந்த வீட்டில் சும்மா இருப்பார்கள் அண்ணே? சரி, ஓரத்தில் நின்றவர்களை உள்ளே இழுத்தது யார் என்று கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் 2020 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தார். நான்கு வளாகங்களில், ஆறு கல்வியாண்டுகளில், தகுதிக்குப் பொருந்தாமல் சேர்க்கப்பட்டவர்கள் 64 பேர். 42 பேர் பெர்க்லியில். நன்கொடையாளர் பிள்ளை, ஊழியருக்குத் தெரிந்தவர் பிள்ளை. 22 பேர் விளையாட்டு வீரர் என்ற பெயரில். தமிழ்ப் பள்ளித் தொண்டுக்கு அத்தாட்சி கேட்ட அதே யூசி, பயிற்சியாளர் நீட்டிய பட்டியலில் இருப்பவன் நிஜமாகப் பந்தைத் தொட்டிருக்கிறானா என்று பார்க்கவில்லை. இன்னொன்று: ஒரே தரத்தில் இருக்கும் பிள்ளைக்கு, விண்ணப்பத்தைப் படிப்பவர் யார் என்பதைப் பொறுத்து வாய்ப்பு மாறியிருக்கிறது. இழுபறி என்று முத்திரை குத்துவதே அந்த ஆள்தான்.

இர்வைன்வாசி:
சேர்க்கைக்குப் பிறகு நடக்கும் சரிபார்ப்பையும் பேசுங்கள். 2017ல் யூசியின் இர்வைன் வளாகத்தில் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 800 பேர் அதிகமாக "வருகிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது 499 பேருக்கு இடம் ரத்து. அதில் 290 பேருக்குச் சொன்ன காரணம் டிரான்ஸ்கிரிப்ட் சிக்கல். மற்ற வருடமாக இருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும். கூச்சல் கிளம்பியதும் அந்த வளாகத்தின் தலைவரான வேந்தரே மன்னிப்புக் கேட்டு, மதிப்பெண் உண்மையிலேயே குறைந்தவர்களைத் தவிர மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டார். இடம் நிரம்பி வழிந்தால் விதி இறுகும், காலியாக இருந்தால் தளரும். இதற்குச் சரிபார்ப்பு என்று பெயர்!

பழைய பேனா:
இர்வைனில் செய்தது அநியாயம்தான். பயிற்சியாளர் பட்டியலையும் வேறு ஆள் சோதிக்கட்டும். அதற்காகக் கடிதத்தை எடுத்துவிட்டால், கட்டுரைக்கு ஆள் வைத்து எழுதுகிறவன்தான் மிஞ்சுவான். அதற்கு ஈஸ்ட்பே சாரிடம் இன்னும் பதில் இல்லை.

சான் ரமோன் அம்மா:
நீங்கள் சண்டை போடுங்கள். பையனுக்குப் பெர்க்லியிலிருந்து அந்தக் கடித அழைப்பும் வந்திருக்கிறது. அனுப்பலாமா?

ஈஸ்ட்பேக்காரன்:
கண்டிப்பாக அனுப்புங்கள் அக்கா. பெரிய பதவியில் இருப்பவரைத் தேடாதீர்கள், அவனைத் தினம் பார்க்கிற டீச்சரைப் பிடியுங்கள். நாளைக்கே கேட்கச் சொல்லுங்கள், அவர்களிடமும் ஏகப்பட்ட பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.