பிடிபட்ட டி-34: சாம்பலுக்கு அடியில் பச்சை தெரிய வைப்பது எப்படி?

பாளை35:
வணக்கம். சோவியத் டாங்க் டி-34/76, 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல், 1942-ஆம் ஆண்டு வகை, அறுகோண டரட் (பீரங்கி உள்ள சுழலும் மேல்கூடு). ஜெர்மானியர் கைப்பற்றி 747(ஆர்) என்று எண் கொடுத்து ஓட்டிய வண்டியாகச் செய்கிறேன். சோவியத் பச்சைக்கு மேல் ஹேர்ஸ்ப்ரே (தண்ணீர் பட்டால் இளகி மேல் பெயிண்டை உரியவிடும்), அதற்கு மேல் டாமியா எக்ஸ்எஃப்-63 ஜெர்மன் சாம்பல். தேய்த்தால் சில இடத்தில் பச்சையும் சேர்ந்து உரிந்து பிளாஸ்டிக் தெரிகிறது. சில இடத்தில் சாம்பல் அசையவே இல்லை. டரட் பக்கத்துச் சிலுவை டீகாலுக்கு (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) அடியிலும் வெள்ளை பூத்துவிட்டது. ஸ்ப்ரே அடிப்பது மொட்டைமாடியில், இந்த ஆடிக் காற்றில். எங்கே தப்பு?

பொருநைக்கரை:
அண்ணாச்சி, பச்சை உரிந்தது பிளாஸ்டிக்கில் பிடிப்பு இல்லாததால். அச்சில் இருந்து வந்த எண்ணெய்ப் பசை போக, பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைத்து பிரைமர் (பெயிண்ட் பிடிக்க அடிப்பூச்சு) அடிங்க. பச்சையை ஒரு நாள் காயவிட்டு, அதன் மேல் லாக்கர் கிளியர் (நிறமில்லாத பூச்சு) ஒரு கோட். இந்தக் கோட்தான் பச்சையைக் காக்கும். பிறகு ஹேர்ஸ்ப்ரே மெல்லிசாக இரண்டு தடவை.

சாம்பல் அசையாத இடத்தில் ஒன்று பெயிண்ட் தடிப்பாக விழுந்திருக்கும், இல்லையென்றால் லாக்கர் தின்னரில் கலந்திருப்பீங்க. அது ஹேர்ஸ்ப்ரேயைக் கரைத்துக்கொண்டு கீழே கடித்துவிடும். டாமியாவின் அக்ரிலிக் தின்னர் எக்ஸ்-20ஏ போதும். பெயிண்டும் தின்னரும் சரிபாதி, ஏர்பிரஷ்ஷில் காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ. தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் தொட்டு, முடி குட்டையான கெட்டிப் பிரஷ்ஷால் குத்துங்க. மறுநாள் வரை விட்டால் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

காற்றில் பெயிண்ட் பாதி வழியிலேயே காய்ந்து மணல் மாதிரி ஒட்டும். மாடியை விட்டு, ஜன்னல் ஓரமாக உள்ளே வாங்க. 8 செ.மீ. தூரம், கோப்பைக்கு இரண்டு சொட்டு ரிட்டார்டர் (காய்வதைத் தாமதமாக்கும் திரவம்).

ஏறி இறங்கும் ஹேட்ச் (மூடி வாசல்) ஓரம், ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல் உள்ள தகடு), கைப்பிடி, இங்கெல்லாம் உரிந்தால் போதும். முதலில் பச்சைதான் தெரியணும். துருவை அதற்குள்ளே ஊசிமுனை அளவுக்கு வைங்க. வண்டிமேல் பெயிண்ட் ஏறிய வரிசைப்படியேதான் உரியும்.

சாரல்_தென்காசி:
சிலுவைக்கு டீகாலே வேண்டாம். வார்ப்பு டரட் சொரசொரப்பு, மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட் வேறு. இடுக்கில் சிக்கிய காற்றுதான் வெள்ளையாகத் தெரிகிறது. மாஸ்கிங் ஷீட்டில் சிலுவையை வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாக வெள்ளை அடிங்க. காய்ந்ததும் அதே நீளம், குறைந்த அகலத்தில் இன்னொரு துளை வெட்டி, மேலே கருப்பு. நுனிகளில் வெள்ளை மூடாமல், பக்கங்களில் மட்டும் நிற்கும். ஜெர்மன் ராணுவச் சிலுவையான பால்கன்க்ராய்ஸின் வடிவம் அதுதான். பெரிதாகவே போடுங்க. உருவத்தைப் பார்த்துச் சொந்தப் பீரங்கிக்காரனே சுட்டுவிடுவான் என்பதால்தான் அவ்வளவு பெரிசாக எழுதினார்கள்.

எங்க பக்கம் சாரல் விழும்போது லாக்கர் கிளியர் அடித்தால் ஈரம் பிடித்துப் பால் மாதிரி வெளுக்கும். வெயில் வந்த பிறகு அடிங்க. வெளுத்துவிட்டால், ரிட்டார்டர் கலந்த லாக்கர் தின்னரை லேசாகப் பனி மாதிரி தூவினால் தெளியும்.

பொருநைக்கரை:
ஒன்று விட்டுப்போச்சு. எந்த வருஷத்து வண்டி? 1943 பிப்ரவரியில் ஜெர்மன் வண்டிகளின் அடிப்படை நிறம் அடர்மஞ்சளாக மாறியது. கார்கோவ் நகரில் பழுதுபார்த்து, அந்த ஜூலையில் கூர்ஸ்க் சண்டையில் ஜெர்மன் எஸ்எஸ் படையின் தாஸ் ரைக் டிவிஷன் ஓட்டிய வண்டி என்றால் சாம்பல் பொருந்தாது. ஜெர்மன் குப்போலா (டரட்டின் மேல் வெளியே பார்க்கும் சிறு கூண்டு) வைப்பதாக இருந்தால் டரட்டின் இடப்பக்கம், கமாண்டர் தலைக்கு மேலே வரணும். வலப்பக்கம் லோடர் இடம்.

பாளை35:
1942 கடைசிதான், சாம்பலே இருக்கட்டும், குப்போலா வைக்கவில்லை. டரட்டை மட்டும் கழற்றி முதலிலிருந்து அடிக்கிறேன்.