தொடக்கநிலைப் புள்ளியியலுக்கு கிராஃபிங் கால்குலேட்டரைக் கட்டாயமாக்கலாமா?

சிதறல்புள்ளி:
வரும் பருவத்தில் தொடக்கநிலைப் புள்ளியியல் வகுப்பு எனக்கு வந்திருக்கிறது. கிராஃபிங் கால்குலேட்டரைக் கட்டாயமாக்குவதா வேண்டாமா என்பதை என் முடிவுக்கே விட்டுவிட்டார்கள். இதுவரை சாதாரண கால்குலேட்டரும் இசட் அட்டவணையும்தான் (இயல்நிலைப் பரவலின் நிகழ்தகவுகளை அச்சடித்த தாள்).

கட்டாயமாக்கலாம் என்பது என் எண்ணம். 20 எண்களுக்குத் திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) போடச் சொன்னால் வகுப்பு நேரத்தில் பாதி அதிலேயே கரைந்துவிடுகிறது. சராசரியைக் கழி, வர்க்கம் எடு, கூட்டு, வகு, வர்க்கமூலம் போடு. நடுவில் ஒருவர் 7-இன் வர்க்கத்தை 47 என்று எழுதியிருப்பார். அதைத் தேடிப் பிடித்து விடை வந்த பிறகு "சரி, இந்த எண் என்ன சொல்கிறது?" என்று நான் வாயெடுக்கும்போது மணி அடித்துவிடும். டிஐ-84 போன்ற கருவியில் எண்களை எல்1 பட்டியலில் இட்டு 1-வார் ஸ்டாட்ஸ் கொடுத்தால் சராசரி, திட்டவிலக்கம், இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), கால்மானங்கள் (வரிசையை நான்காகப் பிரிக்கும் மதிப்புகள்) எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. மிச்ச நேரத்தில் உருப்படியாகப் பேசலாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

தாளும்பேனாவும்:
திட்ட மாட்டேன், ஒரு விடைத்தாளைக் காட்டுகிறேன்.

கருதுகோள் சோதனைக் கேள்வி. மாணவர் டி-டெஸ்ட் மெனுவுக்குப் போயிருக்கிறார், எண்களைச் சரியாகக் கொடுத்திருக்கிறார், திரையில் வந்த பி மதிப்பையும் (வித்தியாசம் எதுவும் இல்லை என்ற இன்மைக் கருதுகோள் உண்மையானால் இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் வரும் நிகழ்தகவு; 0.05-ஐ விடச் சிறியதானால் அந்தக் கருதுகோளை நிராகரிப்போம்) எழுதியிருக்கிறார்: 4.17. அதற்குக் கீழே, "4.17 என்பது 0.05-ஐ விடப் பெரியது, ஆகவே இன்மைக் கருதுகோளை நிராகரிக்க முடியாது." திரையில் இருந்தது 4.17ஈ-4. அதாவது 0.000417. கடைசியில் இருந்த ஈ-4 அவர் கண்ணில் படவில்லை, பட்டிருந்தாலும் ஏதோ மாடல் எண் என்று நினைத்திருப்பார். முடிவு அப்படியே தலைகீழ்.

பிழை வருவது இயல்பு. எனக்கு உறுத்தியது வேறு. நிகழ்தகவு 1-ஐத் தாண்டாது என்று முதல் வாரமே படித்தவர் அவர். 4.17 என்று தன் கையாலேயே எழுதும்போது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அட்டவணையில் பார்த்திருந்தால் பி மதிப்பாக 4.17 கிடைத்திருக்காது, ஏனென்றால் அட்டவணை தரும் நிகழ்தகவுகள் எல்லாம் 0-க்கும் 1-க்கும் நடுவில்தான்.

சிதறல்புள்ளி:
நல்ல உதாரணம், மறுக்கவில்லை. ஆனால் அட்டவணைக்காரர்கள் தப்பே செய்வதில்லையா? இடது பக்கப் பரப்பு கேட்டால் வலது பக்கத்தைத் தருவார்கள், 1-இலிருந்து கழிக்க மறப்பார்கள், எதிர்மறை இசட் மதிப்புக்கு நேர்மறைப் பக்கத்தைப் பார்ப்பார்கள். நான் திருத்திய தாள்களில் இவை கொட்டிக் கிடக்கின்றன.

போதாததற்கு அட்டவணையே தோராயம்தான். சராசரி 100, திட்டவிலக்கம் 15 உள்ள இயல்நிலைப் பரவலில் 110-க்குக் கீழே எவ்வளவு? இசட், அதாவது சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி என்பது, 0.6667. அட்டவணையில் இரண்டு தசம இடம்தான், அதனால் 0.67 என்று பார்க்கிறோம், 0.7486 கிடைக்கிறது. கருவியில் இந்தப் பரப்பைக் கணக்கிடும் நார்மல்சிடிஎஃப் கட்டளை 0.7475 தருகிறது. சின்ன வித்தியாசம்தான், ஆனால் சரியான விடை கருவி சொல்வது.

தாளும்பேனாவும்:
மூன்றாவது தசம இடத்துக்காக ஒரு கருவியா? இசட்டைக் கணக்கிடும்போது "சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது" என்று மாணவர் ஒரு தடவையாவது நினைக்கிறார். நார்மல்சிடிஎஃப்பில் நான்கு எண்களைத் தட்டினால் அந்த நினைப்புக்கே வேலையில்லை. கீழ் எல்லை இல்லாதபோது -1ஈ99 (மிகப் பெரிய எதிர்மறை எண்) என்று போடச் சொல்கிறார்கள். ஏன் அந்த எண் என்று உங்கள் வகுப்பில் எத்தனை பேர் கேட்டார்கள்?

கறுப்புத்திரை:
இரண்டு பேரும் போன நூற்றாண்டுக்காகச் சண்டை போடுகிறீர்கள் :)

வகுப்பை விட்டு வெளியே வந்ததும் இசட் அட்டவணையும் இல்லை, கிராஃபிங் கால்குலேட்டரும் இல்லை. கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி வந்தது 1985-இல், டிஐ-83 வந்தது 1996-இல். அன்றைக்கு அவை அதிசயம்தான். டிஐ-83-இன் திரை 96க்கு 64 புள்ளிகள், ஒரு பட்டியலில் 999 எண்களுக்கு மேல் போகாது. இன்றைக்கு வேலையில் கையாளும் தரவு சர்வசாதாரணமாக ஆயிரக்கணக்கான வரிசை இருக்கும். புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழி இலவசம். விரிதாள் எல்லார் கணினியிலும் இருக்கிறது. பருவம் முடிந்ததும் அலமாரிக்குப் போகப்போகும் கருவியின் மெனுவை மனப்பாடம் செய்ய வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சிதறல்புள்ளி:
தேர்வு அறைக்குள் மடிக்கணினியை விட மாட்டார்களே. அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் கல்லூரி நிலையில் எழுதும் ஏபி புள்ளியியல் தேர்வு 1997-இல் தொடங்கியபோதே கிராஃபிங் கால்குலேட்டரை எதிர்பார்த்துத்தான் கேள்வி அமைத்தார்கள். இணையம் இல்லாத ஒரு பெட்டி என்பதுதான் அதன் பலம்.

கடைசிபெஞ்சு:
நான் மாணவி. சென்ற பருவம்தான் இந்தப் பாடத்தை முடித்தேன், எங்களுக்குக் கருவி கட்டாயம். அனுபவத்தைச் சொல்லட்டுமா?

முதல் இரண்டு வாரம் புள்ளியியலே படிக்கவில்லை, பொத்தான் படித்தோம். பட்டியலை அழிக்க, தலைப்பில் நின்று க்ளியர் அழுத்த வேண்டும். நான் டெல் அழுத்திவிட்டேன். எல்1 என்ற நெடுவரிசையே காணாமல் போய்விட்டது! அதை மீட்க ஸ்டாட் மெனுவில் ஐந்தாவதாக இருக்கும் செட்அப் எடிட்டரைக் கொடுக்க வேண்டும் என்று பக்கத்து மேசைத் தோழி சொல்லித்தான் தெரிந்தது. ஆசிரியருக்கே தெரியவில்லை.

அப்புறம் தேர்வில் நடந்தது. இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு ஆர், கருவியின் தொடக்க அமைப்பில் திரையில் வராது. டயக்னாஸ்டிக் ஆன் என்று கேட்டலாகில் போய்த் தேடிக் கொடுத்த பிறகுதான் வரும். பயிற்சியின்போது என் கருவியில் அது எப்போதும் வந்துகொண்டிருந்தது. தேர்வுக்கு முன் எல்லார் கருவியின் நினைவகத்தையும் அழிக்கச் சொன்னார்கள். அழித்ததும் அந்த அமைப்பு பழையபடி போய்விட்டது. போக்குக் கோட்டைக் கணக்கிடும் லின்ரெக் கொடுத்தால் கோட்டின் ஏ, பி இரண்டும் வருகின்றன, ஆர் இல்லை. கை நடுங்கிவிட்டது. சூத்திரத்தில் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று அந்த நிமிடம் தோன்றவே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் கருவி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் சும்மா இருக்கும்போது பட்டியலில் 12 என்று இருந்ததை 120 ஆக்கிப் பார்த்தேன். சராசரி எங்கேயோ ஓடிவிட்டது, இடைநிலை அளவு அசையவில்லை. 120-ஐ 1200 ஆக்கினேன், அப்போதும் அசையவில்லை. பாடத்தில் படித்ததுதான், ஆனால் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். கையால் மூன்று தடவை கணக்குப் போட்டு இதைப் பார்த்திருப்பேனா? சத்தியமாக மாட்டேன்.

தாளும்பேனாவும்:
கடைசிபெஞ்சு, உங்கள் கடைசிப் பத்தியை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முந்தைய பத்தியை என் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

கையால் போடுவதில் என்ன கிடைக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 4, 7, 8, 9, 12. சராசரி 8. விலக்கங்கள் -4, -1, 0, 1, 4. கூட்டினால் பூஜ்ஜியம். இங்கேதான் நிறுத்துவேன். "நான்கு விலக்கங்களைச் சொல்லிவிட்டு ஐந்தாவதை மறைத்தால் கண்டுபிடிக்க முடியுமா?" முடியும், ஏனென்றால் மொத்தம் பூஜ்ஜியமாக வேண்டும். அப்படியானால் சுதந்திரமாக இருப்பவை நான்குதான். வர்க்கங்களின் கூடுதல் 34. 4-ஆல் வகுத்து மூலம் எடுத்தால் 2.915, 5-ஆல் வகுத்தால் 2.608.

கருவியில் இந்த இரண்டும் அடுத்தடுத்த வரியில் வரும். எஸ்எக்ஸ் ஒன்று, சிக்மாஎக்ஸ் ஒன்று. முன்னது கூறுக்கு (முழுமையிலிருந்து எடுத்த மாதிரிக்கு), பின்னது முழுமைத்தொகுதிக்கு. கையால் ஒரு தடவைகூடப் போடாதவருக்கு அது இரண்டு எண். எது வேண்டும் என்று கேட்டால் மேலே இருப்பதை எழுதுவார். பல நேரம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும், அதனால் அவருக்குப் புரியவில்லை என்பதே யாருக்கும் தெரியாது.

சிதறல்புள்ளி:
"ஒரு தடவைகூட" என்கிறீர்கள். அப்படியானால் ஒரு தடவை போட்ட பிறகு கருவியைக் கொடுக்கலாம்தானே?

தாளும்பேனாவும்:
வார்த்தையைப் பிடித்துவிட்டீர்கள். சரி, ஒரு தடவை போதாது, மூன்று தடவை.

கறுப்புத்திரை:
கருவி சொல்வதே சரி என்று சிதறல்புள்ளி மேலே சொன்னாரே, இதைப் பாருங்கள். 1 முதல் 7 வரை ஏழு எண்கள். டிஐ-84 முதல் கால்மானம் 2, மூன்றாவது 6 என்கிறது, ஏனென்றால் நடுவில் உள்ள 4-ஐ விட்டுவிட்டு இரு பாதிகளின் நடுவை எடுக்கிறது. ஆர் மொழியின் இயல்பு முறையில் 2.5-உம் 5.5-உம் வரும். இரண்டுமே தப்பில்லை, வரையறை வேறு. ஒரே கருவியோடு வளர்ந்தவர்கள் விரிதாளில் வேறு விடை வந்ததும் கணினி கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள்.

சிதறல்புள்ளி:
இது வகுப்பில் சொல்ல வேண்டிய விஷயம், எடுத்துக்கொள்கிறேன், நன்றி. ஆனால் இது ஆர் மொழிக்காரருக்கும் பொருந்துமே.

எனக்குப் பெரிய காரணம் இன்னொன்று இருக்கிறது: படம். புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973-இல் கொடுத்த நான்கு தரவுத் தொகுதிகள் தெரிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816, போக்குக் கோடு ஒய் = 3 + 0.5 எக்ஸ். நான்குக்கும் இதேதான். வரைந்தால் ஒன்று ஒழுங்கான சிதறல், ஒன்று வளைவு, ஒன்றில் நேர்கோட்டை ஒரே ஒரு புள்ளி இழுத்துச் சாய்க்கிறது, நான்காவதில் பத்துப் புள்ளிகள் எக்ஸ் = 8-இல் செங்குத்தாக நிற்க, 19-இல் தனியாக ஒன்று. கையால் கணக்கு மட்டும் போட்டவர் நான்கும் ஒன்று என்று சத்தியம் செய்வார். கருவியில் ஸ்டாட் ப்ளாட்டை இயக்கி ஜூம் 9 அழுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தாளும்பேனாவும்:
11 புள்ளிகளை வரைபடத்தாளில் வைக்க ஐந்து நிமிடம். ஆன்ஸ்கோம் சொன்னது "வரைந்து பார்" என்பது, அதற்குக் கருவி வேண்டும் என்பதில்லை. உங்கள் கருவியில் படத்தைத் திறக்காமலே லின்ரெக் கொடுத்து விடை வாங்கிவிடலாம். கையில் வரைபவருக்கு முதலில் புள்ளிகள்தான், கோடு பிறகுதான்.

கடைசிபெஞ்சு:
உண்மையைச் சொன்னால் நாங்கள் யாரும் படத்தைத் திறக்க மாட்டோம். எல்1-இல் பத்து, எல்2-இல் ஒன்பது எண் இருந்தால் டிம் மிஸ்மேட்ச் என்று திட்டும், அந்தப் பயம். கேள்வியில் "வரைக" என்று இருந்தால் மட்டும் திறப்போம்.

கறுப்புத்திரை:
கருவியால் பெரிய அளவில் செய்ய முடியாத முக்கியமான ஒன்று பாவனைச் சோதனை, அதாவது தற்செயல் கூறுகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது. புள்ளியியலாளர் கோசெட் 1908-இல் சிறிய கூறுகளுக்கான டி பரவலை வெளியிட்டபோது 3000 பேரின் அளவுகளை அட்டைகளில் எழுதி, கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 கூறுகள் எடுத்துச் சரிபார்த்தார். அதையே மடிக்கணினியில் கண் மூடித் திறப்பதற்குள் பத்தாயிரம் தடவை செய்யலாம். கூறுச் சராசரிகள் மணி வடிவத்தில் குவிவதைக் கண்ணால் பார்த்தவருக்கு மைய எல்லைத் தேற்றத்தை விளக்கவே வேண்டாம்.

சிதறல்புள்ளி:
வகுப்பில் 30 பேர் தங்கள் கருவியில் ஆளுக்கொரு கூறு எடுத்து, சராசரியைப் பலகையில் புள்ளியாக வைத்தால் அதுவும் குவிகிறது. தங்கள் புள்ளி எங்கே விழுகிறது என்று எழுந்து நின்று பார்ப்பார்கள். பத்தாயிரத்தில் அந்த ஆர்வம் வராது.

கறுப்புத்திரை:
30 பேரின் கருவியும் புதிதா? அப்படியானால் உங்கள் பலகையில் எல்லாப் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் :) முழுதாக ரீசெட் செய்த டிஐ-83, 84 எல்லாம் ஒரே விதை எண்ணில் (தற்செயல் எண்களை உருவாக்கத் தொடங்கும் எண்) தொடங்குகின்றன. தற்செயல் எண் தரும் ரேண்ட் கட்டளையைக் கொடுத்தால் முதலில் எல்லாருக்கும் 0.9435974 என்றுதான் வரும். செய்து பாருங்கள்.

சிதறல்புள்ளி:
செய்து பார்த்தேன். என் மேசையில் இரண்டு கருவிகள், இரண்டையும் ரீசெட் செய்தேன். 0.9435974025. இரண்டிலும். இத்தனை வருடம் இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

கடைசிபெஞ்சு:
அதற்கு வழி இருக்கிறது சார். ஆளுக்கொரு எண்ணை, தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போல, ஸ்டோ அம்புக்குறி போட்டு ரேண்டில் சேமித்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண்கள் வரும். எங்கள் வகுப்பில் மூன்று பேருக்கு ஒரே கூறு வந்து, பார்த்து எழுதியதாகத் திட்டு வாங்கியபோது கற்றுக்கொண்டது.

தாளும்பேனாவும்:
ஹா. அந்த மூன்று பேரும் பாவம்.

சிதறல்புள்ளி, கட்டாயமாக்குவது என்றே முடிவு செய்தால் ஒன்று கேட்கிறேன். தேர்வில் கருவித் திரையை அப்படியே அச்சடித்துக் கொடுத்து, "இதில் எது கூறின் திட்டவிலக்கம், ஏன்?" என்று ஒரு கேள்வி வையுங்கள். பொத்தான் தட்ட எதுவும் இருக்காது.

சிதறல்புள்ளி:
வைக்கிறேன். முதல் மூன்று வாரம் கருவியே இல்லை, ஐந்து எண்களுக்கு மேல் கணக்கும் இல்லை. நான்காவது வாரம் கருவி வரும், ரேண்டில் விதை போடுவதுதான் முதல் பாடம். உங்கள் 4.17ஈ-4 திரையும் தேர்வில் வரும், முடிவை ஒரே வரியில் எழுதச் சொல்லப்போகிறேன்.

கறுப்புத்திரை:
விரிதாளுக்கு ஒரு வாரம்கூடக் கிடையாதா?

சிதறல்புள்ளி:
கடைசி வாரம் தருகிறேன். 1 முதல் 7 வரை கால்மானம்.

தாளும்பேனாவும்:
நான் இன்னும் அட்டவணைக் கட்சிதான், பதிவில் இருக்கட்டும்.