ஊட்டி பின்கோடு 643001 பகா எண்ணா?

சேரிங்கிராஸ்_குளிரு:
ஒரு சந்தேகம்ங்க. அண்ணன் பையன் கவர்ல அட்ரஸ் எழுதிட்டு இருந்தவன் திடீர்னு நம்ம ஊர் பின்கோடு பிரைம் நம்பர்தானே சித்தப்பான்னு கேக்குறான், கடைசியில 1 இருக்குல்ல, அதான் அவன் லாஜிக். 2, 3, 5 போகாதுன்னு பாத்தவுடனே தெரியுது, 7, 11ன்னு 47 வரைக்கும் வகுத்துட்டோம், எல்லாத்துலயும் மீதி நிக்குது. எது வரைக்கும்தான் போகணும்? நெட்ல போட்டா வந்துரும், ஆனா கையாலதான் போடுவேங்கறான்.

குன்னூர்_பேசஞ்சர்:
801 வரைக்கும் போதும். 802 × 802 = 643204, நம்ம நம்பரைத் தாண்டிருச்சு, ஸோ ரெண்டா உடையுற நம்பர்னா அதுல சின்னது 802க்குள்ள இருந்தே ஆகணும். ஆனா அவ்ளோ தூரம் வேண்டாம், 53, 59 பாத்துட்டு 61 போடுங்க, 10541 வரும். அதையும் விடாதீங்க, அது 83 × 127. ஆக 61 × 83 × 127, மூணுமே பகா எண். கடைசியில 1 வந்தா பிரைம்னா 21 என்னவாம்?

கணக்கு_பிரியன்:
மூணு வேற வேற பகா எண்ணைப் பெருக்கி வந்தா அது ஸ்பெனிக் எண். காரணி சரியா 8 இருக்கும், இதுக்கு 1, 61, 83, 127, 5063, 7747, 10541, அப்புறம் அதுவே. எனக்குப் பிடிச்சது இடைவெளிதான், 61லருந்து 83க்கு 22, அங்கிருந்து 127க்கு 44, அப்படியே டபுள்! அடுத்து 88 கூட்டினா 215, அது 5ல போயிருது, விடுங்க. மூணையும் கூட்டினா 271, அதுவும் பகா எண். ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா 643001ஐ எழுதவே முடியாது, ஏன்னா 83ஐ 4ஆல வகுத்தா மீதி 3, அந்த மாதிரி பகா எண் ஒத்தப்படை தடவை காரணியா வந்தா அவ்ளோதான். கழித்தலா எழுதலாம், 2595² − 2468² போட்டுப் பாருங்க.

மஞ்சூர்_மப்பு:
சும்மா பில்டப் பண்ணாதீங்கப்பா. 1972 ஆகஸ்ட் 15ல பின்கோடு கொண்டுவந்தப்ப யாரும் பெருக்கிப் பாத்து வெக்கல, முதல் மூணு இலக்கம் தபால் பிரிக்கிற மாவட்டம், கடைசி மூணு ஆபீஸ், பெரிய ஆபீஸ்ங்கறதால 001. எந்த நம்பரை நோண்டினாலும் இப்படி நாலு விஷயம் கிடைக்கும். 127ஐ மட்டும் ஒத்துக்கறேன், அது மெர்சென் பகா எண், அதாவது 2ஓட அடுக்குல ஒண்ணு கம்மியா வர்ற பகா எண், 2⁷ − 1. அதோட 2¹²⁷ − 1ம் பகா எண்தான், 39 இலக்கம், பிரெஞ்சு கணக்கு நிபுணர் லூகாஸ் 1876ல கம்ப்யூட்டர் இல்லாமலேயே கண்டுபிடிச்சாரு.

குன்னூர்_பேசஞ்சர்:
எங்க ஊரும் சளைச்சதில்ல, 643101 = 3 × 47 × 4561, இதுவும் ஸ்பெனிக்தான். கோத்தகிரி 643217தான் படுத்துது, 137 வரைக்கும் வகுத்துட்டேன், மீதி 2 நிக்குது. 139லருந்து யாராச்சும் எடுத்துக்கறீங்களா?